அட்டையில் தமிழ் உடையக் கூடாது

ரமணாசிரமம், ரமண நகர், செங்கம் சாலைப் பகுதிகளில் பஜனைக் குழு நடத்துகிறவர்களுக்கும், வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்து வெளியிடுகிற தம்பி தங்கைகளுக்கும்,



இதே பகுதியில் டிடிபி வேலையும் அழைப்பிதழ், நூல் அட்டை வடிவமைப்பும் செய்து பிழைக்கிறவள் நான். உங்களில் பலருக்கு என் மேசை பழக்கம். சில காலமாக எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறீர்கள். “அக்கா, ஆல்பத்துக்கு கவர் நாங்களே பண்ணணும். கஷ்டமில்லாத சாஃப்ட்வேர் ஒண்ணு சொல்லுங்க.” நின்றபடி பாதி பதில் சொல்லி அனுப்புவதில் எனக்கு மனநிறைவு இல்லை. முழுப் பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நீங்களே செய்ய நினைப்பது நல்ல முடிவு. அதை யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ளாதீர்கள். பகவான் ரமணர் விருபாட்ச குகையில் இருந்த காலத்தில் இயற்றிய அக்ஷரமணமாலையை, பிச்சைக்குப் போன அடியார்கள் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனார்கள். அந்த 108 கண்ணிகளை இன்று நீங்கள் கைபேசியில் பதிவு செய்து ஸ்பாட்டிஃபைக்கும் ஆப்பிள் மியூசிக்குக்கும் அனுப்புகிறீர்கள். தெருவில் பாடியபோது குரலே போதும். கடையில் வைக்கும்போது குரலுக்கு முன்னால் ஒரு சதுரப் படம் போய் நிற்கிறது. கேட்கிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இசைத்தட்டுக்குப் படம் போட்ட உறை என்பதே பெரிய பழமையான விஷயம் இல்லை. அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் 1940 வாக்கில் தொடங்கி வைத்த வழக்கம் அது. அதுவரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெறும் காகித உறையிலும் புத்தகம் மாதிரியான மொட்டை அட்டையிலும்தான் விற்றன. நம் வீடுகளில் எல்பி உறை ஓர் அடிக்குமேல் அகலம் இருந்தது. 1963இல் வந்த எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் எல்பியைப் பூஜை அறையில் சாய்த்து வைத்திருந்த வீடுகள் உண்டு. பிறகு கேசட் வந்தது, முகப்பு உள்ளங்கைக்குள் அடங்கியது. சிடி வந்தபோது 12 சென்டிமீட்டர் சதுரம். இப்போது கைபேசிப் பட்டியலில் உங்கள் அட்டை கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு வந்துவிட்டது. நான் சொல்லப்போகிற பலவும் இந்தச் சுருக்கத்திலிருந்து வருகின்றன.

சரி, மென்பொருள். எது சுலபம், எது பிரபலம், எது இலவசம் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும் அதைத் திறந்து, வேறு எதையும் தொடாமல், இந்தச் சொற்களைத் தட்டச்சு செய்யுங்கள்: ஸ்ரீ, அக்ஷரமணமாலை, சோணாசலம், மௌனம், பெருமை, பூஜை, ஜோதி. தட்டியதும் திரையைக் கூர்ந்து பாருங்கள். ‘ஸ்ரீ’ ஒரே எழுத்தாகச் சேர்ந்து நிற்கிறதா, ஸ் தனியாகவும் ரீ தனியாகவும் பிரிந்து கிடக்கிறதா? ‘க்ஷ’ சேர்ந்ததா, நடுவில் புள்ளி தெரிகிறதா? ‘சோ’வில் இரட்டைக்கொம்பு ச-வுக்கு முன்னால் வந்து, துணைக்கால் பின்னால் நின்றதா? ‘மை’யின் கொம்பு இடம் மாறி அடுத்த எழுத்தின் தலையில் ஏறவில்லையே? புள்ளிகளால் ஆன ஒரு சின்ன வட்டம் எங்காவது முளைத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று பிசகினாலும், அந்த மென்பொருளுக்கோ அந்த எழுத்துருவுக்கோ தமிழ் முழுதாகத் தெரியவில்லை என்று பொருள். வேறு எவ்வளவு வசதி இருந்தாலும் உங்கள் அட்டைக்கு அது ஆகாது.

ஏன் உடைகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். யூனிகோடு தமிழில் கொம்பு போட்ட எழுத்தை நாம் சேமிக்கிற வரிசை வேறு, கண்ணுக்குத் தெரிகிற வரிசை வேறு. ‘செ’ என்பது கணினிக்குள் முதலில் ச, பிறகு கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘சோ’வில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் உட்கார வேண்டும். இந்த வேலையைச் செய்ய மென்பொருளுக்குள் ஓர் எழுத்துச்சேர்ப்பு இயந்திரம் வேண்டும். ஐரோப்பிய மொழிகளை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்ட பல வடிவமைப்புச் செயலிகளில் அது நெடுநாள் இல்லை. எல்லோரும் “ஆரம்பிக்கிறவர்களுக்கு அருமை” என்று புகழ்கிற செயலி நம் தலைப்பைத் தட்டியதும் உடைப்பது இதனால்தான்.

எடுத்துக்காட்டாக அஃபினிட்டி. பயன்படுத்த இனிமையானது, 2025 அக்டோபர் முதல் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் அதன் முந்தைய பதிப்புகள் பல ஆண்டுகள் இந்திய எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாமலே இருந்தன. இலவசம் என்று கேள்விப்பட்டு உடனே இறக்கிக்கொண்டவர்கள், மேலே சொன்ன சொற்களைத் தட்டிப் பார்த்த பிறகே அதில் நேரம் செலவிடுங்கள்.

ஃபோட்டோஷாப்புக்குத் தமிழ் தெரியும். ஆனால் அதன் எழுத்து அமைப்புகளில் உலக மொழிகளுக்கான தளவமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் தெரியும். அதைச் செய்யாமல் விட்டதால்தான் நம் ஊர்க் கடைகளில் இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களிலேயே வேலை ஓடுகிறது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவத்தை ஏற்றி வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘அருணாசலம்’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும்தான் இருக்கும். தேடினாலும் கிடைக்காது, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டவும் முடியாது. புதிதாகக் கற்கிற நீங்கள் அந்தப் பழக்கத்துக்குள் போக வேண்டாம். யூனிகோடில் தொடங்குங்கள், யூனிகோடிலேயே இருங்கள். ஃபோட்டோஷாப் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. ஒரு பஜனைக் குழுவுக்கு அந்தச் செலவு தேவையில்லை. கிராக் போட்ட பிரதி யாரிடமாவது பென்டிரைவில் இருக்கும், வாங்காதீர்கள். பகவான் பாட்டுக்குத் திருட்டுக் கருவியில் அட்டை செய்வதை என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பிரதிகளோடு வைரஸும் வந்து சேரும்.

இப்போது நான் கைநீட்டிக் காட்டுகிறவற்றுக்கு வருகிறேன்.

கைபேசி மட்டும் இருக்கிறவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று பிக்சல்லேப். நம் பையன்களில் பாதிப்பேர் பிறந்தநாள் போஸ்டரும் திருவிழா வாழ்த்தும் அதில்தான் செய்கிறார்கள், ஏற்கெனவே விரல் பழகியிருக்கும். யூனிகோடு எழுத்துருக் கோப்பை அதில் சேர்த்துக்கொள்ளலாம், படத்தின் அளவையும் நாமே கொடுக்கலாம். எழுத்துக்கு நிழல், முப்பரிமாணம், பளபளப்பு என்று அதில் கொட்டிக் கிடக்கிற அலங்காரங்களை மட்டும் ஆல்பம் அட்டையில் தொடாதீர்கள். நக அளவுக்குச் சுருங்கும்போது அவை எல்லாம் அழுக்காகத் தெரியும்.

இன்னொன்று கேன்வா. அவசரம் என்றால், நாளைக்கே அட்டை வேண்டும் என்றால், இதுதான். மொழிவாரியாகத் தமிழ் எழுத்துருக்களைத் தேடி எடுக்கலாம். ‘ஆல்பம் கவர்’ என்று தேடினால் வரும் வார்ப்புருவின் அளவை நம்பாமல், அளவை நீங்களே கொடுத்து 3000க்கு 3000 பிக்சலில் புதுப் பக்கமாகத் தொடங்குங்கள். இலவசக் கணக்கில் பின்னால் அளவு கூட்ட வழியில்லை. உங்கள் சொந்த எழுத்துருவை ஏற்றுவதும் கட்டணக் கணக்கில்தான். எனக்கு அதில் இருக்கிற பெரிய தயக்கம் வேறு. அதே தாமரை, அதே மண்டலக் கோலம், அதே பொன்னிற வட்டம் ஆயிரம் பேருக்குப் போகிறது. திருவண்ணாமலையில் பாடியது ரிஷிகேசத்தில் பாடியது மாதிரியே தெரியும். கேன்வாவில் செய்வதாக இருந்தால் பக்கத்தை வெறுமையாகத் திறந்து, உங்கள் சொந்தப் படத்தை மட்டும் போட்டு, அதன் மேல் எழுத்து வையுங்கள்.

கணினி இருக்கிறவர்கள் இங்க்ஸ்கேப்பும் கிம்பும் கற்றுக்கொள்ளுங்கள். என் பதில் இதுதான். கிம்ப் 1996 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது, இங்க்ஸ்கேப் 2003இல் தொடங்கியது. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். இன்றும் இலவசம், நாளையும் இலவசம், கணக்குத் தொடங்கவோ கடவுச்சொல் கொடுக்கவோ தேவையில்லை, இணையம் இல்லாமலும் ஓடும். இரண்டுமே தமிழை ஒழுங்காகச் சேர்க்கின்றன, மேலே சொன்ன சோதனையில் தேறுகின்றன. வீட்டில் அரசு லேப்டாப் ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? 2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்தவை. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த லேப்டாப்பிலேயே இந்த இரண்டையும் ஓட்டிவிடலாம். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

எந்த வேலைக்கு எது என்பதில் குழப்பம் வேண்டாம். புகைப்படத்தை வெட்ட, வெளிச்சம் கூட்ட, மலைக்கு முன்னால் ஓடுகிற மின்கம்பியை அழிக்க கிம்ப். தலைப்பை வைக்க, கோடு, வட்டம் வரைய, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அடுக்க இங்க்ஸ்கேப். இங்க்ஸ்கேப்பில் புகைப்படத்தைக் கொண்டுவரும்போது ‘எம்பெட்’, ‘லிங்க்’ என்று இரண்டு வழி கேட்கும். எம்பெட் என்பதையே தேர்ந்தெடுங்கள். லிங்க் என்று கொடுத்தால் படம் கோப்புக்குள் போகாது, இருக்கிற இடத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும். பென்டிரைவில் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தால் மலை இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறிதான் இருக்கும்.

எழுத்துரு பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸில் இருக்கும் லதாவைத் தலைப்புக்கு எடுக்காதீர்கள், அது கடிதம் எழுத. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. பக்திப் பாட்டுக்கு ‘டிரோ தமிழ்’ பொருந்தும். பழைய புத்தக எழுத்தின் கனமும் மெலிவும் அதில் உண்டு. இளைஞர்களின் கிடார்ப் பாட்டுக்கு ‘அனெக் தமிழ்’ அல்லது ‘முக்த மலர்’ எடுக்கலாம். கையெழுத்துச் சாயல் வேண்டுமானால் இலங்கைத் தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த ‘கவிவனார்’ இருக்கிறது. எதை எடுத்தாலும் ஓர் அட்டையில் ஒன்றே போதும், மிஞ்சினால் இரண்டு. ஆங்கில அட்டைகளைப் பார்த்து எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை விரிக்காதீர்கள். ஆங்கிலத்தில் அழகாக இருப்பது தமிழில் துணைக்காலைத் தன் எழுத்திலிருந்து பிரித்து நிறுத்திவிடும். ‘மாலை’ என்பது நான்கு தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி எழுத்துருவே இல்லாத வழி. உங்கள் குழுவில் பாட்டு நோட்டை அழகாக எழுதி வைத்திருக்கிற மாமியோ பெரியவரோ கட்டாயம் இருப்பார். அவரை ஒரு வெள்ளைத் தாளில், கொஞ்சம் தடித்த கறுப்பு மார்க்கரால், ஆல்பத்தின் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். நாலைந்து முறை எழுதட்டும், கை இளகிய பிறகு வருவதுதான் நன்றாக இருக்கும். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர் மேலிருந்து படம் எடுங்கள். இங்க்ஸ்கேப்பில் கொண்டுவந்து ‘டிரேஸ் பிட்மேப்’ கொடுத்தால் அந்தக் கையெழுத்து கோட்டு வடிவமாக மாறிவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, எந்த நிறமும் கொடுக்கலாம். ஆசிரமத்தின் பழைய பதிப்புகளில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணா’வும் ‘லை’யும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால எழுத்தையே எழுதத் தெரிந்த கை உங்கள் நடுவில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். வேறு எவராலும் தர முடியாத அட்டை அது. நூல்களுக்குத் தம் கையாலேயே கட்டடம் செய்து, அச்சுப்படிகளைப் பொறுமையாகத் திருத்தியவர் பகவான். கைவேலையைச் சிறிது என்று அவர் ஒதுக்கியதே இல்லை.

இனி படம். இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

நமக்கெல்லாம் கண்ணில் பதிந்திருக்கிற அந்த மார்பளவுப் படம் 1946இல் பெங்களூர்ப் புகைப்படக்காரர் ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது. 1950 ஏப்ரலில் பகவானின் கடைசி நாட்களில் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் இங்கே இருந்தார். இப்படிப் பலர் எடுத்த படங்களை ஆசிரமம் சேர்த்து, சுத்தம் செய்து பாதுகாக்கிறது. இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்குப் பதிப்புரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு கூகுளில் கிடைத்ததை எடுத்து ஒட்ட வேண்டாம் என்பேன். இந்த ஊரிலேயே இருக்கிறோம், ஆசிரம அலுவலகம் நடக்கிற தூரம். என்ன பாட்டு, எங்கே வெளியிடுகிறோம், எந்தப் படம் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் தெளிவான கோப்பும் கேட்டுப் பார்க்கலாம். இணையத்தில் சுற்றுகிற படம் பத்துக் கை மாறிப் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும், 3000 பிக்சலுக்கு இழுத்தால் தாங்காது.

ஏஐயிடம் பகவான் முகத்தைச் செய்து தரச் சொல்லாதீர்கள். கேன்வாவிலும் அந்தப் பொத்தான் இருக்கிறது, இரண்டு வரி எழுதினால் வந்துவிடுகிறது. வருவது யாரோ ஒரு வெள்ளைத் தாடிக்காரரின் முகம். அந்தக் கண்கள் அவருடையவை அல்ல. அந்தக் கண்களைப் பார்க்கத்தானே உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ இங்கே வந்தார்கள்? அட்டையில் பொய்க் கண்களை வைத்து அவர் பாட்டைக் கேட்கச் சொல்வது என்னால் பொறுக்க முடியாத காரியம்.

மலை இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2668 அடி உயரத்துக்கு நம் கண்முன்னே நிற்கிறது, அனுமதி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் அது ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு வடிவம் காட்டுகிறது. நம் பக்கத்திலிருந்து பார்க்கிற மலையும் அடிஅண்ணாமலையிலிருந்து பார்க்கிற மலையும் ஒன்றுதான் என்று வெளியூர்க்காரர் நம்ப மாட்டார். உங்கள் குழு எந்தத் தெருவில் பாடுகிறதோ அங்கிருந்து தெரிகிற மலையை எடுங்கள். விடியற்காலையில் எடுத்தால் வானமும் மலையும் இரண்டே நிறமாகப் பிரியும், தலைப்பு வைக்க வானத்தில் இடம் கிடைக்கும். நடுப்பகலில் எடுத்தால் பாறையும் புதரும் வெளுத்துப்போய், எழுத்து எங்கே வைத்தாலும் தெரியாது. கோபுரம் வேண்டுமானால் வெளியிலிருந்து எடுங்கள். கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 217 அடி ராஜகோபுரத்தை நக அளவுப் படத்துக்குள் முழுதாக அடைக்கவும் முயலாதீர்கள், ஒரு மூலை போதும். ஆசிரமத்துக்குள் படம் எடுப்பதாக இருந்தால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.

அடுத்து, இசைத் தளக் கடைக்காரர்களின் விதிகள். நம் பழக்கமும் அவர்கள் விதியும் மோதுகிற இடம் இது. நம் ஃபிளெக்ஸ் பழக்கப்படி மேலே சாமி, நடுவில் பாடகர், கீழே உபயதாரர்கள் வரிசை, ஓரத்தில் செல் நம்பர். பக்திக் கேசட்டிலும் இதே அமைப்புத்தான். இசைத் தளங்களுக்குப் பாட்டை அனுப்பித் தரும் விநியோக நிறுவனங்கள் இவற்றில் பலவற்றை ஏற்பதில்லை. தொலைபேசி எண் கூடாது. இணைய முகவரி, க்யூஆர் கோடு, விலை, ஸ்பாட்டிஃபை, யூடியூப் சின்னங்கள் கூடாது. அட்டையில் எழுதிய ஆல்பத்தின் பெயரும் பாடகர் பெயரும் நீங்கள் படிவத்தில் கொடுத்த பெயரோடு ஒத்துப்போக வேண்டும். படிவத்தில் ‘அருணாசல தீபம்’, அட்டையில் ‘ஸ்ரீ அருணாசலேஸ்வரர் தீபப் பாடல்கள் பாகம் 1’ என்றிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். படம் சதுரமாக, ஆர்ஜிபி நிறத்தில், ஜேபிஜி அல்லது பிஎன்ஜி கோப்பாக, மங்கலில்லாமல் இருக்க வேண்டும். 3000க்கு 3000 கொடுத்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

உபயதாரர் மனம் நோகும் என்று சிலர் சொல்கிறீர்கள். நியாயமான கவலை. அவர்கள் பெயரைப் பாட்டின் விவரக் குறிப்பில் போடுங்கள், யூடியூப் காணொளியின் முடிவில் போடுங்கள், வெளியீட்டு நாளில் மேடையில் சொல்லுங்கள். நக அளவுப் படத்தில் அவர்கள் முகம் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது, அதை அவர்களுக்கே கைபேசியில் காட்டினால் புரிந்துகொள்வார்கள். இந்தச் சோதனையை உங்கள் தலைப்புக்கும் செய்யுங்கள். அட்டை முடிந்ததும் அதைத் திரையில் நகம் அளவுக்குச் சுருக்கி, கண்ணாடி போடுகிற ஒருவரிடம் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கை நீட்டுகிற தூரத்தில் காட்டுங்கள். பெயரைப் படித்தால் சரி. படிக்க முடியாவிட்டால் இன்னும் எதையாவது எடுத்துவிட வேண்டும்.

கோப்பை அனுப்புகிற வழியில்தான் பல நல்ல அட்டைகள் வீணாகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 3000 பிக்சலில் செய்தது அங்கே போய்ச் சேரும்போது பாதியாகிவிடும். டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அச்சுக்கும் போகிற எண்ணம் இருந்தால் இன்னும் சில உண்டு. ஆராதனைக்கோ ஜெயந்திக்கோ சிடி அடித்துக் கையில் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது, நல்ல வழக்கம். 12 சென்டிமீட்டர் உறைக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விட்டால் 12.6 சென்டிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது ஏறத்தாழ 1488 பிக்சல், உங்கள் 3000 தாராளமாகத் தாங்கும். ஓரத்தில் எழுத்து வைக்காதீர்கள், கத்தியில் போகும். திரையில் எரிகிற தீபத்தின் ஆரஞ்சு அச்சில் மங்கும். திரைக்கு வெளிச்சம் உண்டு, மைக்கு இல்லை. அதனால் கார்த்திகை இரவின் கருநீல வானமும் தீபச் சுடரும் போட்ட அட்டையை முதலில் ஒரு தாளில் அச்சிட்டுப் பார்த்துவிட்டே மொத்தமாகக் கொடுங்கள். அச்சுக் கடைக்காரர் “கர்வ்ஸ் பண்ணிக் கொண்டாங்க” என்பார். எழுத்தை எழுத்தாக வைக்காமல் கோட்டு வடிவமாக மாற்றச் சொல்கிறார், அவர் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் உடையாது. இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் அது ஆகிவிடும். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கர்வ்ஸ் செய்த பிறகு ழகரத்தை ளகரமாக அடித்திருப்பது தெரிந்தால் திருத்த வழியில்லை.

நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்தக் கோப்புகளும் ஒரு காரணம். வெளியில் கொடுத்துச் செய்த குழு ஒன்று, இரண்டாம் பாகம் வெளியிடும்போது முதல் பாகத்தின் அட்டையைக் கேட்டு அலைந்ததை நான் அறிவேன். செய்து கொடுத்த பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான், அவன் வேலை பார்த்த கணினியும் மாறிவிட்டது. குழுவின் கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு மங்கல் படம் மட்டுமே. எந்த மென்பொருளில் செய்தாலும் மூலக் கோப்பு, புகைப்படம், எழுத்துருக் கோப்பு மூன்றையும் ஒரே கோப்புறையில், ஆல்பத்தின் பெயரும் ஆண்டும் போட்டு வையுங்கள். ஒரு பிரதி குழுத் தலைவரிடம், ஒரு பிரதி வேறொரு வீட்டில். கேன்வாவில் செய்தவர்கள் எந்த மின்னஞ்சல் கணக்கில் செய்தோம் என்பதை நோட்டில் எழுதி வையுங்கள். குழுவுக்கென்று ஒரு கணக்கு தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது.

தீபத்துக்கு வெளியிடலாம் என்று இருக்கிறவர்களுக்கு நாள் கணக்கு சொல்லி முடிக்கிறேன். பாட்டும் அட்டையும் விநியோக நிறுவனத்துக்குப் போய், அவர்கள் பார்த்து, தளங்களில் ஏற மூன்று நான்கு வாரம் விட்டு வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க விரும்பினால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே உள்ளே போட்டிருக்க வேண்டும். அட்டை திரும்பி வந்தால் திருத்தி அனுப்பவும் நாள் வேண்டும். ஆகவே கார்த்திகை தீபத்துக்கு வருகிற ஆல்பத்தின் அட்டை ஐப்பசிப் பௌர்ணமிக்குள் தயாராகட்டும். மார்கழிப் புனர்பூசத்தில் ஜெயந்திக்கு என்றால் தீபம் எரிகிற நாட்களிலேயே முடித்துவிடுங்கள். இங்க்ஸ்கேப்பை இன்றே இறக்கி அந்த ஏழு சொற்களைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினால் நேரம் தாராளமாக இருக்கிறது. எங்காவது கொம்பு இடம் மாறி நின்றால் கோப்பை டாக்குமெண்டாக எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பணம் வேண்டாம்.

அன்புடன்,
செங்கம் சாலையிலிருந்து உங்கள் அக்கா